விலைக்கு வந்த பழைய கார்

சென்ற மாதத்து ஞாயிறு ஒன்றின் காலையில், ரொறன்ரோ நகரிலே வாழும் என் தம்பி, அதாவது பெரியப்பாவின் இளைய மகன், கைத்தொலைபேசி வழியாக ஒரு விற்பனை விளம்பரத்தை எனக்கு அனுப்பியிருந்தான். செம்மஞ்சள் வர்ணம் பூசிய இரண்டு ஆசனக் கார் ஒன்றின் படம் அதில் இருந்தது. நீண்ட மூக்கு, குறுகிச் சரிந்த பின்புறம், பாயுமுன் பதுங்கும் விலங்கின் தோற்றம். படத்தின் கீழே, அது 1972 ஆம் ஆண்டு யப்பானில் செய்யப்பட்ட 'டற்சன் 240 இசட்' என்னும் விளையாட்டுக் கார் என்றும், 'மிக நன்றாகப் பேணப்பட்டது' என்றும் விற்பவர் எழுதியிருந்தார். அதற்குங் கீழே தம்பியின் வரி: "அண்ணா, வாங்கலாமோ? அப்பாவிட்டையும் ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ."

கேட்க வேண்டியவரைத்தான் கேட்டிருந்தான். பெரியப்பாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. மல்லாவிச் சந்தியிலே ஒஸ்ரின் ஏ 40 கார் ஒன்றை வைத்து நெடுங்காலம் வாடகைக்கு ஓடியவர் அவர். கலியாண மாப்பிள்ளையும், பிரசவ வேதனைப்பட்ட பெண்களும், பாம்பு தீண்டிய வேளாளரும் அவருடைய காரிலே ஏறியிருக்கிறார்கள். நான் படத்தைக் காட்டியதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "வடிவான சாமான்தான். யப்பான்காரன் ஆரிட்டைப் படிச்சவன் தெரியுமோ? எங்கடை ஒஸ்ரினிட்டை" என்றார். பழைய சாரதிமாரின் பெருமைப் பேச்சு என்றே நான் முதலில் எண்ணினேன். தேடிப் படித்தபோதுதான் அது முழு உண்மை என்பது தெரியவந்தது. அந்தக் கதையை வாசக அன்பர்களுக்கும், குறிப்பாக மாணவர்களுக்கும், சொல்ல வேண்டுமென்று தோன்றியது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் யப்பானியக் கார்த் தொழில் பெரிதும் பின்தங்கிக் கிடந்தது. நிஸ்ஸான் கம்பனியார் 1952 ஆம் ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்தின் ஒஸ்ரின் கம்பனியாருடன் ஓர் உடன்படிக்கை செய்தனர். அதன்படி ஒஸ்ரின் ஏ 40 சொமசெற் காரைப் பகுதி பகுதியாக இறக்குமதி செய்து, யப்பானிலே பொருத்தி, ஒஸ்ரின் என்ற பெயரிலேயே விற்கத் தொடங்கினர். பின்னர் 1955 இல் ஏ 50 கேம்பிரிட்ஜ் அதன் இடத்தைப் பிடித்தது. மூன்று ஆண்டுகளுக்குள் எல்லா உறுப்புகளையும் தம் நாட்டிலேயே செய்துகொள்வது என்பது அவர்கள் வகுத்த இலக்கு. அதனை அவர்கள் நிறைவேற்றினர். நம்மூர்ச் சந்திகளில் வாடகைக்கு நின்ற அதே ஏ 40 தான் அங்கே ஒரு பாடப் புத்தகமாகப் பிரித்துப் படிக்கப்பட்டது.

படித்தவர்கள் பாடத்தை மனனஞ் செய்வதோடு நிற்கவில்லை. டொனால்ட் ஸ்ரோன் என்ற அமெரிக்க பொறியியலாளரின் ஆலோசனைப்படி, ஒஸ்ரினின் 1,489 சி.சி. இயந்திரத்திலே பிஸ்ரன் மேலுங் கீழும் செல்லும் தூரத்தைக் குறைத்து, 988 சி.சி. அளவான சிறிய இயந்திரமொன்றை ஆக்கினர். பழைய இயந்திரத்தைச் செய்த பட்டறைக் கருவிகளைக் கொண்டே புதியதையும் செய்ய முடிந்தமை இதில் உள்ள சாமர்த்தியம். அந்த இயந்திரம் பூட்டிய டற்சன் கார்கள் இரண்டு, 'ஃபூஜி', 'சகுரா' என்ற பெயர்களுடன், 1958 இல் அவுஸ்திரேலியாவைச் சுற்றி நடந்த ஏறத்தாழ 16,000 கிலோமீற்றர் தூர ஓட்டத்திலே கலந்துகொண்டன. இரண்டுமே ஓட்டத்தை முடித்தன. ஃபூஜி தன் வகுப்பிலே முதலிடம் பெற்றது.

அந்தக் குழுவை நடத்திச் சென்றவர் யுட்டாக்கா கட்டயாமா. 1960 இல் அவரைக் கம்பனியார் அமெரிக்காவுக்கு அனுப்பினர். சாதாரண உத்தியோகத்தனும் ஆசிரியனும் வாங்கக்கூடிய விலையில் ஒரு நல்ல விளையாட்டுக் கார் வேண்டுமென்று அவர் தம் தலைமையகத்தை விடாது வற்புறுத்தினார். 1969 ஒக்டோபரில் அந்தக் கார் வெளிவந்தது. யப்பானில் அதற்கு 'ஃபெயர்லேடி இசட்' என்று பெயரிட்டிருந்தனர். 'அழகிய சீமாட்டி' என்ற பெயர் அமெரிக்க இளைஞரிடம் எடுபடாதென்று கருதிய கட்டயாமா, பெயர்த் தகட்டை மாற்றி '240 இசட்' என்று பொறிக்கச் செய்தார். 2.4 லீற்றர் கொள்ளளவும் ஆறு சிலிண்டரும் ஏறத்தாழ 150 குதிரைவலுவும் கொண்ட அந்தக் கார், அமெரிக்காவில் 3,526 டொலருக்கு விற்கப்பட்டது. இசட் வரிசையின் முதல் தலைமுறைக் கார்கள் 1978 வரை ஐந்து இலட்சத்துக்கு மேல் விற்பனையாகின. கட்டயாமா 105 வயது வரை வாழ்ந்து, 2015 இல் காலமானார்.

இக்காரின் வரலாற்றிலே நம் நெஞ்சைத் தொடும் அத்தியாயம் ஒன்றும் உண்டு. புழுதியும் சேறுமான கிழக்கு ஆபிரிக்கப் பாதைகளில் நடைபெறும் சபாரி ஓட்டம், கார்களைக் கொல்லும் ஓட்டம் என்று பெயர் பெற்றது. 1971 இல் எட்கார் ஹெர்மன் என்பவர் 240 இசட் காரிலே அதனை வென்றார். 1973 இல் அதே வகைக் காரில் வென்றவர் சேகர் மேத்தா. உகண்டாவிலே பிறந்த இந்திய வம்சாவளியினர் அவர். அதற்கு முந்திய ஆண்டாகிய 1972 இல், இடி அமீன் ஆசிய மக்களை நாட்டைவிட்டு வெளியேறுமாறு தொண்ணூறு நாள் தவணை கொடுத்தபோது, மேத்தாவின் குடும்பமும் வெளியேறிக் கென்யாவுக்குச் சென்றது. ஊரை இழந்து ஓராண்டும் நிறையாத நிலையில், ஒரு காரின் சக்கரத்தைப் பிடித்து அவர் முதலிடம் பெற்றார். தண்டப் புள்ளிகளில் அவரும் ஹரி கால்ஸ்ட்ரோம் என்ற சுவீடன் நாட்டவரும் சமமாகவே நின்றனர். விதியின்படி வெற்றி மேத்தாவுக்குக் கிட்டியது. பின்னர் 1979 முதல் 1982 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்தும் அவரே அந்த ஓட்டத்தை வென்றார். இடம்பெயர்தல் என்ற சொல்லை வாழ்ந்து அறிந்த வன்னி மக்களுக்கு அந்த மனிதரின் மனநிலையை விளக்கிக் கூற வேண்டியதில்லை.

இத்தகைய கார் இன்று என்ன விலை பெறும்? 21,000 மைல் மட்டுமே ஓடிய 1971 ஆம் ஆண்டு 240 இசட் ஒன்று, 2020 ஜனவரியில் அமெரிக்காவிலே ஏலத்தில் 310,000 டொலருக்கு விலை போயிற்று. புதிதாய் விற்ற விலையிலும் ஏறக்குறைய 88 மடங்கு. பணத்தின் பெறுமதி வீழ்ந்ததைக் கழித்துப் பார்த்தாலும் இது பெருந்தொகையே. இவ்வளவு விலை ஏன்? அது அதிகம் ஓடவில்லை என்பதற்காக. தம்பி பார்த்த கார் அந்தத் தரத்ததன்று. விலையும் அதிற் சிறு பங்கே. ஆயினும் 'நன்றாகப் பேணப்பட்டது' என்னும் அதே சொற்களைத்தான் அந்த விளம்பரமும் தாங்கி வந்தது.

பேணுதல் என்றால் என்ன? இந்த வினாவைப் பெரியப்பாவின் ஏ 40 காரை நினையாமல் என்னாற் சிந்திக்க முடியவில்லை.

1990 இலிருந்து 2002 வரை வடபகுதிக்குப் பொருளாதாரத் தடை இருந்தது. பெற்றோல், பற்றறி, உதிரிப்பாகம் ஆகியன வருவது அரிது. வந்தாலும் வாங்குவது அரிது. அக்காலத்தில் நம்முடைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இதனை இன்றைய மாணவர்கள் கதையென்று எண்ணுகிறார்கள். எனவே அதன் காரணத்தைச் சற்று விளக்குவேன். பெற்றோல் குளிர்ந்த நிலையிலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் அவ்வாறு ஆகாது. ஆகவே முதலில் சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தைக் கிளப்புவார்கள். இயந்திரம் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பற்றறி இல்லாவிடின் முன்புறத்தில் இரும்புக் கைபிடியைக் கொடுத்துச் சுழற்றுவார்கள். ஏ 40 இன் சிலிண்டரிலே காற்றும் எரிபொருளும் அமுக்கப்படும் விகிதம் ஏறக்குறைய ஏழுக்கு ஒன்று. அந்த மெல்லிய அமுக்கத்தில் மண்ணெண்ணெயும் ஒருவாறு எரியும். 240 இசட் காரில் அது ஒன்பதுக்கு ஒன்று. அதற்குள் மண்ணெண்ணெயை ஊற்றினால் உள்ளே சம்மட்டியால் அடிப்பது போன்ற ஓசை எழுந்து, விரைவில் இயந்திரம் அழிந்துபோம். செல்வப் பிள்ளை பசி தாங்காது. ஏழைப் பிள்ளை கூழையும் குடித்து ஓடும்.

ஆனால் கூழ் குடித்தமைக்கு உடம்பிலே விலை கொடுக்க வேண்டும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். பிளக்கிலே கரி பிடிக்கும். வால்வு ஒழுங்காக மூடாது. பெரியப்பா வாரந்தோறும் பிளக்குகளைக் கழற்றிக் கரி சுரண்டுவார். ஒயிலை விரலிடையே தேய்த்து, முகர்ந்து பார்த்து, மாற்றுங் காலத்தைச் சொல்வார். நாள் முடிவில் காரை நிறுத்துமுன் மீண்டும் சிறிது பெற்றோல் விட்டு ஓட்டி நிறுத்துவார். மறுநாட் காலையிலே காபரேற்றருக்குள் பெற்றோல் இருக்கவேண்டும் அன்றோ? வாங்க இயலாத உதிரிப்பாகத்தை உள்ளூர்ப் பட்டறையிற் கடைந்து பூட்டுவார். வவுனிக்குளத்துப் பக்கத்துக் கிரவல் வீதியிலே பிள்ளைப்பேற்றுக்குரிய ஒரு பெண்ணை நள்ளிரவில் ஏற்றி வரும்போது, அந்தக் கார் வழியில் நில்லாதிருப்பதே அவர் செய்த பேணுதலின் பயன். வர்ணம் மங்கியிருந்தது, ஆசனம் கிழிந்திருந்தது, இன்றைய விளம்பரத்திலே அதனை நன்றாகப் பேணப்பட்ட காரென்று எவரும் எழுதார். எனினும் அது பேணப்பட்ட கார்தான்.

இனித் தம்பியின் காரியத்துக்கு வருவோம். "படமெல்லாம் மேற்பக்கமாய்த்தான் கிடக்கு. விக்கிறவன் கீழ்ப்பக்கத்தைக் காட்டேல்லை. சம்பளமில்லாத கறள் கீழையிருந்துதான் வேலை செய்யும்" என்றார் பெரியப்பா. கறள் என்பது இரும்பும் நீரும் ஒட்சிசனும் சேர்ந்து உண்டாவது என்பதை நாம் வகுப்பறையிலே படிக்கிறோம். உப்பு அதனை மிகவும் விரைவுபடுத்தும். கனடாவிலே பனிக்காலத்தில் வீதிகளுக்கு உப்புத் தூவுவார்கள். அந்த உப்புநீர் காரின் அடித்தகட்டிலும் சில்லுகளின் மேல்வளைவிலும் புகுந்து தங்கும். 240 இசட் கார்களின் பெரும்பகை இந்தக் கறளே. அதன் தகடு மெல்லியது. நீர் தேங்கும் மூலைகளும் பல. பற்றறி வைக்கும் தட்டின் அடி, தரைத் தகடு, பின்சில்லுக்கு முன்னுள்ள மடிப்பு ஆகிய இடங்களையே அறிந்தவர்கள் முதலிற் பார்ப்பார்கள்.

பெரியப்பா சொன்ன உபாயம் எளியது. "ஒரு சின்னக் காந்தத்தைத் துணியிலை சுத்திக்கொண்டு போகச் சொல்லு. காந்தம் பிடிச்சால் தகடு. பிடிக்காட்டில் பூச்சு." கறள் தின்ற இடத்தைப் பசையினால் அடைத்து, அதன்மேல் வர்ணம் பூசிவிட்டாற் கண்ணுக்குத் தெரியாது, காந்தத்துக்குத் தெரியும். தம்பி அடுத்த சனிக்கிழமை காந்தத்தோடு போனான். கூரையிலும் கதவிலும் பிடித்த காந்தம், இடப்பக்கப் பின்சில்லு வளைவிலே வழுகி விழுந்தது. விற்பவர் நேர்மையான மனிதர்; கேட்டதும் ஒப்புக்கொண்டு, விலையைக் குறைக்கவும் இணங்கினார். இயந்திர இலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் பதிவுப் பத்திரத்தோடு ஒத்திருந்தன.

'பதிவுப் பத்திரம்' என்ற சொல்லை நான் வாசித்ததும் பெரியப்பா எழுந்து உள்ளே போனார். பழைய எண்ணெய்ச் சீலையிற் சுற்றிய ஒரு பொதியை எடுத்து வந்தார். அது அவருடைய ஏ 40 இன் பதிவுப் புத்தகம்.

2008 ஆம் ஆண்டு மல்லாவியைவிட்டு ஊர் முழுவதும் வெளிக்கிட்டபோது, அந்தக் காரிலேதான் பெரியம்மாவும் அயல்வீட்டு முதியவர் இருவரும் சட்டிபானைகளும் போயினர். கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஓரோர் இடமாக அது ஓடியது. முள்ளிவாய்க்காலுக்கு அண்மையில், எரிபொருளும் வழியும் ஒருங்கே முடிந்த ஓரிடத்தில், வீதியோரம் நிறுத்திவிட்டு இறங்கினார்கள். அதன்பின் அதனைக் காணவில்லை. 2009 மே மாதத்தின் பின் அப்பகுதியிலே எரிந்தும் நசுங்கியும் குவியல் குவியலாகக் கிடந்த வாகனங்களின் படங்களை உலகமே பார்த்தது. அவற்றுள் எது எவருடையது என்பதை யாரறிவார்? காரிலிருந்து இறங்கும்போது பெரியப்பா எடுத்துக்கொண்டவை இரண்டு: பதிவுப் புத்தகம், பிளக் கழற்றும் சாவி. சாவி எங்கோ தவறிவிட்டது. புத்தகம் முகாமுக்கும் போய், ஊருக்கும் திரும்பியிருக்கிறது.

அந்தப் புத்தகத்தைக் கையிலே வைத்துக்கொண்டுதான் அவர் மகனுக்கு மறுமொழி சொன்னார். நான் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "வாங்கினால் ஓட்டு, தம்பி. ஓட்டாமல் பூட்டிவைக்கப் போறாயெண்டால் படத்தைப் பார். அதுக்குக் காசு வேண்டாம்."

இந்தச் சொல்லிலே எனக்கு ஒரு பாடம் இருந்தது. ஓடாத காரைப் பேணுவது செல்வருக்குரிய கலை. அதனை நான் இகழவில்லை. அவர்கள் காத்திராவிடில் பழமையின் மாதிரியை நாம் எங்கே காண்போம்? 1971 இல் சபாரி ஓட்டத்தை வென்ற அந்த 240 இசட் காரை நிஸ்ஸான் தொழிலாளர் 2013 இல் மீண்டும் ஓடத்தக்க நிலைக்குக் கொண்டுவந்தனர். அதன் உடலிலிருந்த நசுங்கல்களை அழகுக்காக அழித்துவிடவில்லை. ஆயினும், பொருளைப் பேணுவதிலும் பெரிது, பொருளை ஆக்கவும் ஓட்டவும் திருத்தவும் தெரிந்த அறிவைப் பேணுதல். ஒஸ்ரின் என்ற பெயர் 1980 களின் பிற்பகுதியோடு புதிய கார்களிலிருந்து மறைந்துவிட்டது. ஒஸ்ரினிடம் கற்றவர்களின் தொழிலோ நிலைத்தது. காரை வாங்கியவர்கள் காரை மட்டுமே பெற்றார்கள். பிரித்துப் பார்த்தவர்கள் தொழிலையே பெற்றார்கள்.

நம் வன்னியிலே மண்ணெண்ணெயில் காரோட்டிய சாரதிகளும் பற்றறியின்றி ஒளியேற்றிய மெக்கானிக்குகளும் இன்று முதியவர்களாகிவிட்டனர். அவர்கள் அறிந்தது எந்தப் புத்தகத்திலும் முறையாக எழுதப்படவில்லை. கார்களைப் போரிலே இழந்தோம். அதற்கு நாம் என்ன செய்வோம்? அந்த அறிவையும் இழந்தால், அது நம் அசட்டையினாலேயே ஆகும். மாணவர்களே, உங்கள் வீட்டிலோ அயலிலோ அத்தகைய ஒருவர் இருப்பாராயின், ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு அவரருகே அமருங்கள். நானும் இப்போதுதான் ஒரு கொப்பி தொடங்கியிருக்கிறேன். இருபது ஆண்டு பிந்தித் தொடங்கினேன் என்ற வெட்கம் எனக்கு உண்டு.

தம்பியின் காருக்கு விலை இன்னும் தீரவில்லை. சென்ற வாரம் அவன் அதனை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தானாம். "படம் வேண்டாம், சத்தத்தை அனுப்பச் சொல்லு" என்று பெரியப்பா கேட்டிருந்தபடியால், இயந்திரத்தின் ஓசையைப் பதிந்து அனுப்பினான். பெரியப்பா தொலைபேசியைக் காதோடு சேர்த்துப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாம் முறையும் கேட்டார். பின்னர், "ஆறிலை ஒண்டு தடுமாறுது. பிளக்குகளைக் கழட்டிப் பாக்கச் சொல்லு" என்றார்.

மறுநாள் தம்பி பதில் அனுப்பினான்: ஐந்தாவது பிளக்கிலே கரி பிடித்திருந்ததாம்.